பள்ளிக்கூடம் போகாத பெண் எழுதிய கடிதங்கள்

அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதிக்கு மனைவி. ஆறாவது ஜனாதிபதிக்குத் தாய்.

ஒரு பெண்ணின் பெயர் சரித்திரத்தில் நிற்க இந்தப் பெருமை ஒன்றே போதும். ஆனால் அபிகாயில் ஆடம்ஸ் அம்மையாரை உலகம் நினைவில் வைத்திருப்பது, அவர் எழுதிய கடிதங்களுக்காக!

அந்தக் கடிதங்களில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல், குண்டூசி விலை ஏறிவிட்டது, கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை, பீரங்கிச் சத்தத்தில் ஜன்னல் அதிர்கிறது என்று ஒரு குடும்பப் பெண் வெளியூரில் இருக்கும் கணவருக்கு எழுதிய செய்திகள்தான்.

எழுத்துப் பிழைகளும் உண்டு. ஏனென்றால், அவர் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போனது இல்லை.

பாதிரியார் மகள்

அபிகாயில் 1744-ம் ஆண்டு நவம்பர் மாதம் 22-ந் தேதி பிறந்தார். ஊரின் பெயர் வேமத். அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ளது. அப்போது அமெரிக்கா தனி நாடு அல்ல. இங்கிலாந்து மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது.

தந்தை வில்லியம் ஸ்மித், அந்த ஊர்ப் பாதிரியார். தாய் எலிசபெத், செல்வாக்குள்ள குவின்சி குடும்பத்தைச் சேர்ந்தவர். மேரி என்று ஓர் அக்காள், எலிசபெத் என்று ஒரு தங்கை, வில்லியம் என்று ஒரு தம்பி. இதுதான் குடும்பம்.

அந்தக் காலத்தில் ஆண் பிள்ளைகள் கல்லூரி வரை போனார்கள். பெண் பிள்ளைகளுக்கு எழுத்தும் கொஞ்சம் கணக்கும் தெரிந்தால் போதும் என்று பெற்றோர்கள் நினைத்தார்கள். அதோடு, சிறு வயதில் அபிகாயிலுக்கு அடிக்கடி உடம்புக்கு வரும். ஆகவே, வீட்டை விட்டு வெளியே அனுப்பிப் படிக்க வைக்கவில்லை.

ஆனால் பாதிரியார் வீட்டில் புத்தகங்கள் இருந்தன. பாட்டியிடம் கதையும் நல்ல புத்தியும் கேட்டுக் கேட்டு வளர்ந்த சிறுமி, தந்தையின் புத்தக அலமாரியைக் குடையத் தொடங்கினாள்.

அக்காள் மேரியை மணந்த ரிச்சர்டு கிராஞ்ச், புத்தகப் பிரியர். கவிதைகளையும் நாடகங்களையும் கொண்டு வந்து, அந்த வீட்டுப் பெண்களுக்குக் கொடுத்து, எப்படிப் படிப்பது என்றும் சொல்லிக் கொடுத்தார். அந்த உதவியை அபிகாயில் கடைசி வரை மறக்கவில்லை.

கடிதமே பள்ளிக்கூடம்

படித்தால் போதுமா? படித்ததைப் பற்றிப் பேச ஆள் வேண்டாமா?

ஊர்கள் தூரம் தூரமாக இருந்தன. பனிக்காலத்தில் வெளியே தலை காட்ட முடியாது. ஆகவே, அந்தப் பகுதியின் இளம் பெண்கள் ஒருவருக்கு ஒருவர் கடிதம் எழுதிக் கொண்டார்கள். படித்த புத்தகம், நடந்த கலியாணம், ஊர் வம்பு எல்லாம் அதில் இருக்கும்.

எழுதும்போது பழைய ரோமாபுரிக் கதைகளில் வரும் பெயர்களைப் புனைபெயராக வைத்துக் கொள்வது, அவர்களுக்கு ஒரு விளையாட்டு. அபிகாயிலின் பெயர் டயானா. கலியாணம் ஆன பிறகு போர்ஷியா.

சித்தப்பா மகன் ஐசக் ஸ்மித் லண்டனுக்குப் போனார். அபிகாயில் சும்மா இருக்கவில்லை. 1771-ம் ஆண்டு அவருக்குக் கடிதம் எழுதினார். ஆணாகப் பிறந்திருந்தால் நானும் ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்திருப்பேன், பெண்ணாகப் பிறந்துவிட்டதால் வீட்டில் இருந்தபடியே கேட்டுத் தெரிந்து கொள்கிறேன் என்று எழுதினார். சரித்திர நூல் எழுதிய கேத்தரின் மெக்காலே என்ற ஆங்கிலப் பெண்மணியைப் பற்றி விசாரித்தார். ஒரு பெண் சரித்திரம் எழுதும் அளவுக்கு எப்படி உயர்ந்தாள் என்று அறிய அவருக்கு ஆசை!

எந்தப் பள்ளியும் தராத படிப்பை, இப்படிக் கடிதம் எழுதி எழுதியே அவர் சம்பாதித்தார்.

வக்கீல் மாப்பிள்ளை

பக்கத்து ஊரான பிரெயின்ட்ரியில் ஜான் ஆடம்ஸ் என்ற இளம் வக்கீல் இருந்தார். அவருடைய தந்தை விவசாயி. செருப்புத் தைக்கும் தொழிலும் செய்தவர். மகனை மட்டும் எப்படியோ ஹார்வர்டு கல்லூரியில் படிக்க வைத்துவிட்டார்.

ஜான் 1759-ம் ஆண்டில் பாதிரியார் வீட்டுக்குப் போனார். அப்போது அபிகாயிலுக்கு வயது 14. முதல் சந்திப்பில் அந்த வீட்டுப் பெண்களை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை! ஆனால் போகப் போக மனம் மாறியது. புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் தயங்காமல் பதில் சொல்லும் பெண் அவர் மனதில் இடம் பிடித்தாள்.

கலியாணம் நிச்சயம் ஆன 1764-ம் ஆண்டு, பாஸ்டன் நகரில் வைசூரி பரவியது. ஜான் அங்கே போய் அம்மை குத்திக் கொண்டார்.

அந்தக் காலத்து அம்மை குத்துதல் ஆபத்தானது. வைசூரி கண்டவரின் கொப்புளத்தில் இருந்து எடுத்த சீழை, நல்ல உடம்பில் கீறி வைப்பார்கள். லேசாக அம்மை போடும். ஆள் பிழைத்துவிட்டால் மறுபடி அந்த நோய் வராது. ஆனால் சில வாரங்கள் தனியாக அடைந்து கிடக்க வேண்டும்.

அந்த நாட்களில் இருவருக்கும் கடிதம்தான் துணை. ஜான் அனுப்பிய கடிதங்களை அப்படியே பிரிக்கக் கூடாது. புகையில் காட்டி, நோய் ஒட்டியிருந்தால் போய்விடும் என்று நம்பி, அதன் பிறகுதான் படிப்பார்கள். பாதிரியார் வீட்டில் இருந்த டாம் என்ற வேலையாள், ஒவ்வொரு கடிதத்தையும் புகை போட்டுக் கொடுப்பார்.

குறைகளின் பட்டியல்

என்னிடம் உள்ள குறைகளை ஒளிக்காமல் எழுதுங்கள் என்று அபிகாயில் கேட்டிருந்தார். வக்கீல் அல்லவா? ஜான் வரிசையாக எழுதி அனுப்பிவிட்டார்!

சீட்டாட்டம் சரியாக வரவில்லை. பாட்டுத் தெரியவில்லை. எப்போது பார்த்தாலும் தலையைக் குனிந்தபடி இருப்பது நன்றாக இல்லை. அதற்குக் காரணம் ஓயாமல் படிப்பதும் எழுதுவதும் யோசிப்பதும்தான். உட்காரும்போது கால் மேல் கால் போடுகிறாய். நடக்கும்போது பாதம் உள்பக்கம் திரும்புகிறது. இப்படிப் போகிறது அந்தப் பட்டியல்.

வேறு பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள். அபிகாயில் சிரித்தார். மற்றவர்கள் தங்கள் பெருமையைப் படித்து மகிழ்வதுபோல நான் என் குறைகளைப் படித்து மகிழ்ந்தேன் என்று பதில் எழுதினார். ஒரு பெண்ணின் கால்களைப் பற்றி ஓர் ஆண்பிள்ளைக்கு என்ன பேச்சு என்று ஒரு குட்டும் வைத்தார்!

1764-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி திருமணம் நடந்தது. மணமகளுக்கு 20 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது. மணமகனுக்கு 28.

அடுத்த எட்டு ஆண்டுகளில் ஐந்து குழந்தைகள் பிறந்தன. மூத்தவள் நாபி. அடுத்து ஜான் குவின்சி. பிறகு சூசன்னா, சார்லஸ், தாமஸ். இவர்களில் சூசன்னா ஒரு வயதைத் தாண்டியதும் 1770-ல் இறந்துவிட்டாள்.

பிரிவு

1773-ம் ஆண்டு டிசம்பரில், வரி விதிப்பை எதிர்த்து, பாஸ்டன் மக்கள் கப்பலில் வந்த தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்தார்கள். இங்கிலாந்து அரசு பாஸ்டன் துறைமுகத்தையே மூடியது. என்ன செய்வது என்று யோசிக்க, பன்னிரண்டு மாகாணங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியா நகரில் கூடினார்கள்.

ஜானும் ஒரு பிரதிநிதி. 1774-ம் ஆண்டு ஆகஸ்டில் அவர் புறப்பட்டார். அன்று தொடங்கிய பிரிவு, இடையிடையே சில மாதங்கள் தவிர, பத்து ஆண்டுகள் நீடித்தது.

பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் சுமார் 300 மைல். தபாலைக் குதிரையில் கொண்டு போவார்கள். ஒரு கடிதம் போய்ச் சேர ஒரு வாரமும் ஆகும். மூன்று வாரமும் ஆகும்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அபிகாயில் எழுத உட்காருவார். இறகுப் பேனா. மைக்கூடு. உறை கிடையாது. எழுதிய காகிதத்தையே மடித்து, அரக்கு வைத்து ஒட்டி, வெளிப்பக்கத்தில் விலாசம் எழுத வேண்டும்.

கணவரை அவர் எப்படி அழைத்தார் தெரியுமா? பிரியமான நண்பரே என்று! ஜானும் மனைவியை அப்படியே அழைத்தார்.

யுத்த காலத்தில் கடிதம் எழுதுவதும் ஆபத்தான காரியம். 1775-ல் ஜான் அனுப்பிய கடிதங்கள் வழியில் ஆங்கிலேயர் கையில் சிக்கின. அவற்றில் ஒன்று அபிகாயிலுக்கு எழுதியது. அவர்கள் அதைப் பத்திரிகையில் அச்சிட்டு ஊர் சிரிக்க வைத்தார்கள். அதன் பிறகு இருவரும் பார்த்துப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது.

குன்றின் மேல் தாயும் மகனும்

1775-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி, சனிக்கிழமை. பீரங்கிச் சத்தம் கேட்டது.

வீட்டின் அருகில் ஒரு குன்று இருந்தது. அபிகாயில் ஏழு வயது மகன் ஜான் குவின்சியைக் கையில் பிடித்துக் கொண்டு அதன் மேல் ஏறினார். பத்து மைலுக்கு அப்பால் சார்லஸ்டவுன் ஊர் பற்றி எரிவது தெரிந்தது. அதுதான் சரித்திரத்தில் புகழ்பெற்ற பங்கர் குன்றுப் போர்.

அவர்கள் குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஜோசப் வாரன் அந்தப் போரில் மாண்டார். மறுநாள், பீரங்கி முழக்கம் ஓயாத நிலையிலேயே, அபிகாயில் கணவருக்கு அந்தச் செய்தியை எழுதினார்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் வேறு ஒரு எதிரி வந்தான். சீதபேதி!

வீடே ஆஸ்பத்திரி ஆயிற்று. அபிகாயில் படுத்தார். சின்ன மகன் தாமஸ் படுத்தான். பாட்டி என்ற வேலைக்காரப் பெண் பல நாள் துடித்து இறந்தாள். மகளுக்குப் பணிவிடை செய்ய வந்து போய்க் கொண்டிருந்த தாயாரும் நோயில் விழுந்து, அக்டோபர் முதல் தேதி கண்ணை மூடினார்.

கணவர் 300 மைலுக்கு அப்பால். தோளில் சாய்ந்து அழ ஆள் இல்லை. அந்தத் துக்கம் முழுவதையும் அபிகாயில் காகிதத்தில் கொட்டினார். அந்தக் கடிதங்களைப் படிப்பவர் இன்றும் கண் கலங்காமல் இருக்க முடியாது.

1777-ம் ஆண்டு ஜூலையில் அவருக்கு மறுபடியும் பிரசவம். வலி கண்ட பிறகும் அபிகாயில் கணவருக்குக் கடிதம் எழுதினார். வயிற்றில் உள்ள குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர் மனம் முன்பே சொல்லியது. அது பொய்க்கவில்லை. பெண் குழந்தை இறந்தே பிறந்தது.

குண்டூசியும் தேயிலையும்

துக்கம் மட்டுமே கடிதம் ஆகுமா? குடும்பம் நடக்க வேண்டுமே!

யுத்தத்தினால் சாமான்கள் கிடைக்கவில்லை. குண்டூசிகூட இல்லை. துணிக்கு அதுதான் பொத்தான் மாதிரி. ஒரு கட்டுக் குண்டூசி பிலடெல்பியாவில் இருந்து வாங்கி அனுப்புங்கள் என்று அவர் ஜானுக்கு எழுதினார்.

1776-ல் ஒரு வேடிக்கை நடந்தது. மனைவிக்குத் தலைவலி, உடம்புக்குச் சுகம் இல்லை என்று கேள்விப்பட்ட ஜான், ஒரு டப்பாப் பச்சைத் தேயிலை வாங்கி, கெர்ரி என்ற நண்பரிடம் கொடுத்து அனுப்பினார். அந்த நண்பர் அதை வேறொரு ஆடம்ஸ் வீட்டில் கொடுத்துவிட்டார்! அது ஜானின் உறவினரும் அரசியல் தலைவருமான சாமுவேல் ஆடம்ஸ் வீடு.

சில நாள் கழித்து, அபிகாயில் அந்த அம்மாளைப் பார்க்கப் போனார். அருமையான தேநீர் கிடைத்தது. என் வீட்டுக்காரர் அனுப்பியது என்று அந்த அம்மாள் பெருமையாகச் சொன்னார். அபிகாயிலும் பாராட்டிக் குடித்துவிட்டு வந்தார். தான் குடித்தது தன் தேநீரையே என்பது, ஜானின் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது!

வயலையும் அவரே கவனித்தார். கூலி ஆட்களைப் பிடிப்பது, வரி கட்டுவது, நிலம் வாங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. ஜான் ஐரோப்பாவுக்குப் போன பிறகு, செலவுக்குப் பணம் அனுப்பச் சொல்லவில்லை. கைக்குட்டை, துணி, பீங்கான் சாமான் அனுப்பச் சொன்னார். அவற்றை உறவினர் மூலம் விற்று லாபம் சம்பாதித்தார். அந்தப் பணத்தை அரசாங்கக் கடன் பத்திரங்களில் போட்டுப் பெருக்கினார். ஜானுக்கு நிலத்தின் மேல்தான் ஆசை. பத்திரத்தில் பணம் பெருகும் என்று அறிந்தவர் அவர் மனைவியே.

பெண்களை மறக்காதீர்கள்

1776-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி அபிகாயில் எழுதிய கடிதம்தான் எல்லாவற்றிலும் புகழ்பெற்றது.

இங்கிலாந்தை விட்டு விலகிச் சுதந்திர நாடு அமைப்பது பற்றி, பிலடெல்பியாவில் பேச்சு நடந்து கொண்டிருந்தது. புதிய நாட்டுக்குப் புதிய சட்டம் வேண்டும் அல்லவா? அந்தச் சட்டம் செய்யும்போது பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று அவர் கணவரைக் கேட்டுக் கொண்டார். கணவன்மார் கையில் எல்லையில்லாத அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள், எங்கள் குரலுக்கு இடம் இல்லாத சட்டத்துக்கு நாங்கள் கட்டுப்பட மாட்டோம், கலகம் செய்வோம் என்றும் எழுதினார்.

அன்றைய சட்டம் என்ன? கலியாணம் ஆன பெண்ணுக்குத் தனிச் சொத்து கிடையாது. அவள் கொண்டு வந்ததும் சம்பாதித்ததும் கணவனுக்கே. ஓட்டு உரிமையைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஜான் இதைப் படித்துச் சிரித்தார். பெயருக்குத்தான் நாங்கள் எஜமானர்கள், வீட்டில் ஆட்சி உங்களுடையதே என்று வேடிக்கையாகப் பதில் போட்டார்.

அபிகாயிலுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் தோழியும் எழுத்தாளருமான மெர்சி வாரனுக்கு இதை எழுதி முறையிட்டார். கணவருக்கும் விடவில்லை. உலகத்துக்கெல்லாம் விடுதலை கேட்கும் நீங்கள் மனைவிமார் மீது மட்டும் முழு அதிகாரத்தை வைத்துக் கொள்வது என்ன நியாயம் என்று இடித்துக் காட்டினார்.

அதே ஆண்டு ஜூலையில், பிள்ளைகளை அழைத்துக் கொண்டு, அம்மை குத்திக் கொள்ள அவர் பாஸ்டனுக்குப் போனார். 18-ந் தேதி, அங்கே அரசு மாளிகையின் மாடியில் நின்று சுதந்திரப் பிரகடனத்தைப் படித்தார்கள். கூட்டத்தில் நின்று அதை அபிகாயில் கேட்டார். மணிகள் முழங்கின. மக்கள் ஆரவாரம் செய்தார்கள். அந்தக் காட்சியையும் கணவருக்கு எழுதினார். பிரகடனத்தை உருவாக்கிய குழுவில் ஜானும் ஒருவர்!

ஆனால் புதிய சட்டத்தில் பெண்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அமெரிக்கப் பெண்கள் அனைவருக்கும் ஓட்டு உரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது 1920-ம் ஆண்டில்தான். அந்தக் கடிதத்துக்குப் பின் 144 ஆண்டுகள்!

மற்றவர் உரிமை

தனக்கு வேண்டிய விடுதலையை அடுத்தவருக்கும் கேட்டவர் அபிகாயில்.

அவருடைய தந்தை வீட்டிலேயே நீக்ரோ அடிமைகள் இருந்தார்கள். அதை அவர் சிறு வயதில் இருந்து பார்த்தவர். நாம் மற்றவர்களிடம் பறிப்பதையே நமக்காகக் கேட்டுப் போராடுகிறோமே, இது நியாயமா என்று 1774-ம் ஆண்டிலேயே கணவருக்கு எழுதினார்.

1797-ல் ஒரு சம்பவம். அவர் வீட்டில் ஜேம்ஸ் என்ற நீக்ரோச் சிறுவன் வேலை செய்தான். அவனுக்கு அபிகாயில் தாமே எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்திருந்தார். ஊரில் இரவுப் பள்ளி தொடங்கியதும் அவனை அங்கே அனுப்பினார்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அந்தப் பையன் வந்தால் மற்ற பிள்ளைகள் வர மாட்டார்கள் என்றார்.

கோவிலில் அவனோடு சேர்ந்து உட்காருகிறார்களே, நடனத்துக்கு அவன் பிடில் வாசித்தால் ஆடுகிறார்களே, படிக்கும்போது மட்டும் என்ன வந்தது என்று அபிகாயில் கேட்டார். அவன் முகம் கறுப்பு என்பதற்காகப் படிப்பை மறுத்தால், அவன் எப்படிப் பிழைப்பான் என்றும் கேட்டார். வந்தவருக்குப் பதில் இல்லை. ஜேம்ஸ் தொடர்ந்து பள்ளிக்குப் போனான்.

தனக்குக் கிடைக்காத பள்ளிக்கூடத்தின் அருமை அவருக்குத் தெரியாதா?

கடல் கடந்து

1778-ல் ஜானைப் பிரான்சு நாட்டுக்குத் தூதராக அனுப்பினார்கள். பத்து வயது மகன் ஜான் குவின்சியும் கூடப் போனான். கடலில் எதிரிக் கப்பல்கள். கடிதங்கள் மாதக்கணக்கில் வரவில்லை. கப்பல் பிடிபட்டால், தபால் பையைக் கடலில் எறிந்துவிடுவார்கள்.

மகனுக்கு அவர் எழுதிய கடிதம் கண்டிப்பானது. ஒழுக்கம் கெட்டவனாக உன்னைப் பார்ப்பதைவிட, கடலில் நீ மூழ்கிப் போவதே மேல் என்று எழுதினார். எந்தத் தாய்க்கு இப்படி எழுத மனம் வரும்? ஆனால் பெரிய கஷ்டங்களே பெரிய குணங்களை வளர்க்கும் என்பது அவர் நம்பிக்கை.

ஜான் 1779-ல் ஊர் வந்து, மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமாகத் தங்கி, மீண்டும் கப்பல் ஏறினார். பிறகு கணவனும் மனைவியும் சந்தித்தது 1784-ம் ஆண்டு ஆகஸ்டில். இடையில் கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள்!

அந்தச் சந்திப்புக்காக அபிகாயில் மகள் நாபியுடன் அட்லாண்டிக் கடலைக் கடந்தார். கப்பலின் அழுக்கைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. மயக்கம் தெளிந்து எழுந்ததும், மாலுமிகளை விட்டு அறைகளைத் தேய்த்துக் கழுவச் செய்தார். பாரிஸ் அருகிலும் லண்டனிலும் நான்கு ஆண்டுகள் இருந்தார். ஆடை, நாடகம், விருந்து என்று பார்த்ததை எல்லாம் அக்காளுக்கும் தங்கைக்கும் எழுதினார்.

வெள்ளை மாளிகையில்

ஜான் 1789-ல் உப ஜனாதிபதி ஆனார். 1797-ல் ஜனாதிபதி ஆனார். 1800-ம் ஆண்டு நவம்பரில், வாஷிங்டன் நகரில் புதிதாகக் கட்டிய ஜனாதிபதி மாளிகையில் குடியேறினார்கள்.

பெயர்தான் மாளிகை. வேலை முடியவில்லை. சுற்றிலும் காடு இருந்தும், குளிர் காய விறகு கிடைக்கவில்லை. விருந்தினரை வரவேற்கக் கட்டிய பெரிய கூடம் பாதியில் நின்றது. அபிகாயில் அதில் கொடி கட்டித் துணி உலர்த்தினார்!

இதை எல்லாம் மகள் நாபிக்கு எழுதிவிட்டு, யாரிடமும் சொல்லாதே, யாராவது கேட்டால் இடம் அழகாக இருக்கிறது என்று சொல் என்று கேட்டுக் கொண்டார். தாய் மகளுக்கு எழுதும் கடிதம் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

அதே மாதம் முடிவதற்குள் இரண்டாவது மகன் சார்லஸ் குடியினால் உடல் கெட்டு இறந்தான். அந்தத் தேர்தலில் ஜானும் தோற்றார். அவரை வென்றவர் தாமஸ் ஜெபர்சன். ஒரு காலத்தில் குடும்ப நண்பர். அரசியல், நண்பர்களைப் பிரித்துவிட்டது. இரு வீட்டாருக்கும் பேச்சு இல்லை.

1804-ல் ஒரு செய்தி வந்தது. ஜெபர்சனின் மகள் பாலி, 25 வயதில் இறந்துவிட்டாள்.

அபிகாயிலுக்குப் பழைய நினைவு வந்தது. 1787-ல் எட்டு வயதுப் பாலி தாயில்லாக் குழந்தையாக லண்டனில் வந்து இறங்கியபோது, அவளை அணைத்து வைத்துக் கொண்டவர் அபிகாயில். சில வாரங்களில், அந்தக் குழந்தை அவரை விட்டுப் பிரிய மாட்டேன் என்று அழுதது.

வீட்டில் கணவரிடம்கூடச் சொல்லாமல், ஜெபர்சனுக்கு அபிகாயில் துக்கம் விசாரித்துக் கடிதம் எழுதினார். அவரும் பதில் எழுதினார். சில கடிதங்களுக்குப் பின் அரசியல் மனத்தாங்கல் குறுக்கே வந்து, எழுத்து நின்றது. பல மாதம் கழித்தே ஜான் அவற்றைப் படித்தார். ஆனால் 1812-ல் அந்த இரண்டு நண்பர்களும் மீண்டும் எழுதத் தொடங்கினார்கள்.

கடைசி உயில்

1816-ம் ஆண்டு ஜனவரியில் அபிகாயில் ஓர் உயில் எழுதினார். சட்டப்படி அவருக்கு உயில் எழுத உரிமையே இல்லை! கணவர் உயிரோடு இருக்கும் பெண்ணுக்குச் சொத்து ஏது?

அவர் கவலைப்படவில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், பத்திரங்கள், நகைகள், பட்டு ஆடைகள் எல்லாவற்றையும் பங்கிட்டார். பெரும்பாலும் பெண்களுக்கே! பேத்திகளுக்கு, உறவுப் பெண்களுக்கு, வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கு.

1818-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி, விஷக் காய்ச்சலில் அபிகாயில் இறந்தார். 74 வயது நிறைய சில வாரங்களே இருந்தன. சட்டம் ஏற்காத அந்த உயிலை ஜான் ஏற்றார். மனைவி எழுதி வைத்தபடியே செய்தார். 1776-ல் சிரித்த கணவர், 1818-ல் மனைவியின் எழுத்துக்குக் கட்டுப்பட்டார்!

செய்தி கேட்டு ஜெபர்சனிடம் இருந்து ஜானுக்கு ஓர் ஆறுதல் கடிதம் வந்தது. பாலிக்காக அபிகாயில் எழுதிய கடிதம் போலவே, அதுவும் பகையை மறந்த கடிதம்.

எரிக்காத கடிதங்கள்

தன் எழுத்தைப் பற்றி அபிகாயிலுக்கு எப்போதும் கூச்சம் உண்டு. பிழை இருக்கிறது, நிறுத்தக் குறி சரியில்லை, படித்ததும் எரித்துவிடுங்கள் என்று கணவருக்கு எழுதுவார்.

ஜான் எரிக்கவில்லை. தன் கடிதங்களைப் படி எடுத்து வைக்க 1776-ல் ஒரு பெரிய நோட்டுப் புத்தகமே வாங்கினார். நீயும் அப்படிச் செய் என்று மனைவிக்கு எழுதினார். வந்த கடிதங்களையும் பத்திரப்படுத்தினார்.

அதனால்தான் கணவனும் மனைவியும் எழுதிக் கொண்ட 1,100-க்கும் அதிகமான கடிதங்கள் தப்பின. பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் சரித்திரச் சங்கம் அவற்றைப் பாதுகாக்கிறது.

பேரன் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ், பாட்டியின் கடிதங்களை 1840-ல் புத்தகமாக வெளியிட்டார். அமெரிக்கச் சுதந்திரப் போரைப் பற்றித் தளபதிகளும் மந்திரிகளும் எழுதிய குறிப்புகள் ஏராளம். ஆனால் அந்தப் போரின்போது ஒரு வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது, பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள், ஒரு தாய் எதற்கு அழுதாள் என்று தெரிய வேண்டுமானால், சரித்திர ஆசிரியர்கள் அபிகாயிலின் கடிதங்களைத்தான் புரட்டுகிறார்கள்.

எழுத்துப் பிழையோடு எழுதிய அந்தப் பெண்ணின் வரிகள், பிழையே இல்லாமல் எழுதிய பல பெரிய மனிதர்களின் ஏடுகளைவிட நீண்ட ஆயுள் பெற்றுவிட்டன. எழுதத் தெரிந்த கை எதுவானாலும், மனதில் உள்ளதை எழுத வெட்கப்பட வேண்டியதில்லை.